ஊருணிக்கரை உள்ளானைப் படம் எடுக்க

ஆசிரியர் அவர்களுக்கு,

செட்டிநாட்டுக் கண்மாய்களில் தண்ணீர் வற்றத் தொடங்கும் தை, மாசியில்தான் பொறி உள்ளான் என்ற சிறு கரைப்பறவையைக் கிட்டத்தில் பார்க்கலாம். தளும்பும் கண்மாயில் தேடிப் பயனில்லை. விரலாழத் தண்ணீரும் சேறும் வேண்டும். மஞ்சள் கால், முதுகில் வெண்பொறி, கண்ணுக்கு மேலே நீண்ட வெள்ளைப் புருவம். ஓயாமல் வாலை ஆட்டி நடந்து, தோளோரம் வெள்ளை ஏறியிருந்தால் அது சாதா உள்ளான்.

படம் கெடுவது பெரும்பாலும் கேமராவால் அல்ல, நின்றுகொண்டு எடுப்பதால். மேலிருந்து பார்த்தால் பழுப்பு முதுகும் பழுப்புச் சேறும் ஒன்றாகிவிடும். ஊருணியின் செம்புராங்கல் கீழ்ப்படியில் அமர்ந்து லென்ஸைத் தாழ்த்துங்கள் (செருப்பு கரையிலேயே இருக்கட்டும், குடிதண்ணீர்). விடியுமுன் போய், கிழக்குக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் பறவையே மேய்ந்தபடி நெருங்கும். 400 மி.மீ. லென்ஸ், 1/1600 வினாடி ஷட்டர் வேகம்; வெள்ளை வயிறு வெளுத்துப்போகாமல் எக்ஸ்போஷரை 0.7 ஸ்டாப் குறையுங்கள். வெயில் ஏறிவிட்டால் கானலில் இறகின் கோடுகள் கரைந்துவிடும்.

மேய்ச்சலை நிறுத்திக் கழுத்தை நீட்டி உடம்பைக் குலுக்கினால் அசையாதீர்கள். இன்னோர் அடி வைத்தால் கீச்சிட்டு எழும், பக்கத்தில் மேய்பவற்றையும் கிளப்பிவிடும். வட ஆசியச் சதுப்புகளுக்குத் திரும்பப் பறக்கக் கொழுப்புச் சேர்க்கும் நேரம் அது. பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூட வெடிக்காத கொள்ளுகுடிப்பட்டி கிராமம் பக்கத்திலேயே இருக்க, கண்மாய்க்குள் பைக் ஓட்டிப் பறவையை விரட்டுவது நமக்கு அழகல்ல.

பங்குனிக்குப் பிறகு வறண்ட கரையில் காலைப் பார்த்து வையுங்கள். ஆள்காட்டியின் நான்கு முட்டைகளும் சரளைக்கல் போலவே கிடக்கும். அவற்றைப் படம் எடுக்க நிற்க வேண்டாம், காகம் கவனித்துக்கொண்டிருக்கும்.

பறவை ஆர்வலர்கள் சிலர்,
காரைக்குடி