இடம் மாறுவது கடைசிக் கண்ணி மட்டும்: வர்த்தக அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

உலக வர்த்தக அமைப்பின் 166 உறுப்பினர்களுடைய வர்த்தக அமைச்சர்களுக்கு,

வணக்கம்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு தொழில் நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறேன். எந்தச் சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் பிறப்பிடச் சான்றிதழ்களைச் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. நீங்கள் இரவில் அறிவிக்கும் வரியும் தடையும் உரிம விதியும் மறுநாள் காலை என் மேசையில் தாளாக வந்து விழும். அந்தத் தாள்களைப் பார்த்துப் பார்த்து மனதில் சேர்ந்ததைச் சொல்லத்தான் இந்த மடல்.

"இனி அந்த நாட்டை நம்பியில்லை" என்று நீங்கள் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் பெரும்பாலும் இடம் மாறியிருப்பது, மூலப்பொருளிலிருந்து முழுப் பொருள்வரை நீளும் விநியோகச் சங்கிலியின் கடைசிக் கண்ணிதான். மற்றவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நடுவில் புதிதாக ஒரு நாடு நுழைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நான் கண்ணால் பார்த்த ஒன்று. நாங்கள் வாங்கிவந்த ஒரு சிறிய மின்மோட்டாருக்கு வரி ஏறியது. வேறு நாட்டில் ஆள் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தோம். பெட்டியின் மேல் புது நாட்டின் பெயர் அச்சாகி வந்தது. ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் காந்தமும் தாங்கியும் செம்புச் சுருளும் பழைய இடத்துச் சரக்கு! புது நாட்டில் நடந்தது பூட்டுவதும் சோதிப்பதும் பெட்டியில் அடைப்பதும். இதில் விதிமீறல் எதுவும் இல்லை. சுங்கத்துறையின் பொருள் பட்டியலில் உதிரிபாகத்துக்கு ஒரு தலைப்பு, முழு மோட்டாருக்கு வேறு தலைப்பு. தலைப்பு மாறினால் பிறப்பிடமும் மாறும் என்று பல ஒப்பந்தங்களில் நீங்களே கையெழுத்திட்டிருக்கிறீர்கள். விலை கூடியது, வந்து சேரும் நாட்களும் கூடின. நம்பியிருப்பது மட்டும் துளியும் குறையவில்லை.

பெரிய அளவிலும் இதே கதைதான். 2018 ஜூலையில் 3,400 கோடி டாலர் மதிப்புள்ள சீனப் பொருட்கள் மீது அமெரிக்கா 25 விழுக்காடு வரி போட்டது. பட்டியல் பிறகு நீண்டது. 2023இல் சீனாவை முந்தி, அமெரிக்காவுக்கு அதிகம் விற்கும் நாடானது மெக்சிகோ. வரி வேலை செய்துவிட்டது என்று சிலர் கைதட்டினார்கள். மெக்சிகோ சீனாவிடமிருந்து வாங்குவதும் கூடவே வளர்ந்ததை யாரும் மேடையில் சொல்லவில்லை. அதே 2023 ஆகஸ்டில் அமெரிக்க வணிகத்துறையே சூரியத் தகடுகளைப் பற்றி ஒரு முடிவை வெளியிட்டது: சில நிறுவனங்கள் சீனப் பாகங்களைக் கம்போடியா, மலேசியா, தாய்லாந்து, வியட்நாம் வழியாகச் சுற்றிக்கொண்டுவந்து வரியைத் தவிர்த்திருக்கின்றன. தண்ணீரை அணை கட்டித் தடுத்தால் அது பக்கத்து வாய்க்காலில் ஓடத்தான் செய்யும்.

உங்களில் பலருக்கு இன்னும் உறைக்காத நிகழ்வு நெக்ஸ்பீரியா என்று நினைக்கிறேன். அதனால் அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். அது நெதர்லாந்தில் தலைமையகம் உள்ள, சீன நிறுவனமான விங்டெக்குக்குச் சொந்தமான சிப் நிறுவனம். அதன் சரக்கு உயர்தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. காரின் விளக்கு, கண்ணாடி, பூட்டு என்று எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கும், மிக மலிவான டயோடும் டிரான்சிஸ்டரும்தான். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில், சிப்கள் வெட்டி எடுக்கப்படும் சிலிக்கன் வில்லை தயாராகும். அதில் பெரும்பகுதி சீனாவின் டோங்குவானுக்குப் போய், வெட்டி உறையிடப்பட்டு, ஐரோப்பாவுக்கே திரும்பி வரும். 2025 செப்டம்பர் இறுதியில் டச்சு அரசு 1952ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத் தூசு தட்டி எடுத்து, நிறுவனத்தின் முடிவுகளைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. சில நாட்களில் சீனா, டோங்குவானிலிருந்து சிப்கள் வெளியே போவதை நிறுத்தியது. பல நாடுகளில் கார் ஆலைகள் கையிருப்பை எண்ணத் தொடங்கின. மெக்சிகோவில் ஹோண்டா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. நவம்பரில் டச்சு அரசு தன் ஆணையை நிறுத்திவைத்தது.

பொத்தானைவிடச் சின்ன ஒரு பொருளுக்காக இவ்வளவு. டச்சு அரசின் கவலை நியாயமானதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆணையில் கையெழுத்திடும் முன், அந்த வில்லை அடுத்து எந்த ஊருக்குப் போகிறது என்று யாராவது கேட்டார்களா? என் வேலையில் முதல் நாளே சொல்லித்தரும் கேள்வி அது.

சீனாவும் இந்த ஆயுதத்தைக் கூச்சமில்லாமல்தான் எடுக்கிறது. மோட்டார் காந்தம் போன்றவற்றுக்குத் தேவைப்படும் உலோகங்கள் அருமண் தனிமங்கள். 2025 ஏப்ரலில் அவற்றில் ஏழுக்கு ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்றார்கள். மே மாதத்தில் ஃபோர்டின் சிகாகோ ஆலை ஒரு வாரம் நின்றது. ஜப்பானில் சுசூகி, ஸ்விஃப்ட் காரின் உற்பத்தியை நிறுத்தியது. இவ்வளவு பலம் சுரங்கத்தால் வந்தது அல்ல. அருமண் தாது வேறு நாடுகளிலும் கிடைக்கிறது. அதைத் தனித்தனியாகப் பிரித்துச் சுத்திகரிக்கும் வேலையில் சுமார் 90 விழுக்காடு சீனாவில் நடக்கிறது. அழுக்கும் அமிலமும் நிறைந்த, லாபம் குறைந்த அந்த வேலை வேண்டாமென்று மற்ற நாடுகள் கைகழுவிய காலத்தில் அது அங்கே போய்ச் சேர்ந்தது.

உண்மையிலேயே சங்கிலியை மாற்ற முயன்ற நாடு என்று நான் மதிப்பது ஜப்பானை. 2010இல், ஜப்பானும் சீனாவும் உரிமை கோரும் சென்காகு தீவுகளுக்கு அருகே நடந்த படகு மோதலுக்குப் பிறகு சீனாவிலிருந்து அருமண் வரத்து தடைபட்டது. அடுத்த ஆண்டே ஜப்பான் அரசு நிறுவனமும் ஒரு வர்த்தக நிறுவனமும் சேர்ந்து ஆஸ்திரேலியாவின் லைனாஸ் என்ற அருமண் சுரங்க நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து, நீண்டகாலக் கொள்முதலுக்கும் ஒப்பந்தம் போட்டன. கையிருப்பு சேர்த்தார்கள், அருமண் குறைவாகத் தேவைப்படும் மோட்டார்களை உருவாக்கினார்கள். பத்தாண்டுகளுக்கு மேலாகியும் பாதிக்கு மேல் சீனாவிலிருந்துதான் வருகிறது. ஆனாலும் 2010இல் இருந்ததைவிடக் குறைந்தது. உங்கள் தேர்தல் காலண்டருக்குள் இது அடங்காது என்பது எனக்கும் தெரியும்.

சரி, போர்க்கருவிக்கான பாகத்தை எதிரியிடம் வாங்கச் சொல்லவில்லை. 'தேசப் பாதுகாப்பு' என்ற சொல்லைத்தான் ரப்பர்போல இழுத்துவிட்டீர்கள். 2018இல் அமெரிக்கா எஃகுக்கு வரி போட்டபோது, கனடாவின் எஃகுகூட அதன் பாதுகாப்புக்கே ஆபத்து ஆயிற்று! 2022 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பின் நடுவர் குழுக்கள் அந்த எஃகு வரிகளை ஏற்க மறுத்தபோது, அமெரிக்கா மேல்முறையீடு செய்தது. விசாரிக்கத்தான் ஆள் இல்லை. நீதிபதிகள் நியமனத்தை அமெரிக்கா தடுத்துவந்ததால் 2019 டிசம்பரிலிருந்தே மேல்முறையீட்டு மன்றம் முடங்கிக் கிடக்கிறது. வழக்கு போட இடமில்லாத ஊரில் அவரவர் கையில் தடி எடுப்பது வியப்பில்லை.

அந்தத் தடி யார் முதுகில் விழுகிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரிய நிறுவனம் வழக்கறிஞரையும் மென்பொருளையும் வாங்கிக்கொள்ளும். மூன்றாம், நான்காம் அடுக்கில் இருக்கும் முப்பது பேர் கொண்ட பட்டறை என்ன செய்யும்? சீனாவின் சின்ஜியாங் பகுதியில் நடக்கும் கட்டாய உழைப்புக்கு எதிரான அமெரிக்கச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அதன் நோக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் பருத்தி எந்த வயலில் விளைந்தது என்பதுவரை தாள் கேட்டால் சின்னத் தையலகம் எங்கே போகும்? தாள் இல்லை என்பதற்காக ஆர்டரை நிறுத்தும் கடிதத்தை எழுதியவன் நான். தவறு எதுவும் செய்யாதவர்களுக்கும் எழுதியிருக்கிறேன்.

அப்புறம், 2025 ஜூலை இறுதியில் வந்த அமெரிக்க ஆணை ஒன்று. வேறு நாட்டு வழியாக மாற்றி அனுப்பிய சரக்கு என்று சுங்கத்துறை முடிவு செய்தால் 40 விழுக்காடு வரி என்றது அது. எவ்வளவு வேலை நடந்தால் அது மாற்றி அனுப்பிய சரக்கு ஆகாது என்ற வரையறை அந்த ஆணையில் இருக்கவில்லை. நான் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

உங்கள் போட்டியை நிறுத்தச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் தண்டனையை எழுதும் முன் பிறப்பிடத்தின் வரையறையை எழுதுங்கள். கப்பலில் ஏறிவிட்ட சரக்குக்குப் பழைய விதியே பொருந்தும் என்பதை எல்லோருக்கும் பொதுவான வழக்கமாக்குங்கள். செங்கடலில் கப்பல்கள் மீது நடந்த தாக்குதல்களால் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிய கப்பல்களுக்குப் பத்து நாளுக்கு மேல் கூடுதலாக ஆனது. துறைமுகத்தில் ஏறியபோது ஒரு வரி, இறங்கியபோது வேறு வரி என்று நின்ற கண்டெய்னர்களுக்கு நான் தாள் எழுதியிருக்கிறேன். மேல்முறையீட்டு மன்றத்தின் காலி நாற்காலிகளை நிரப்புங்கள். அடுத்த முறை ஒரு ஆலையைக் கையகப்படுத்தும் முன், அதன் சரக்கு அடுத்ததாக எங்கே போகிறது என்று கொள்முதல் பிரிவில் யாரையாவது கூப்பிட்டுக் கேளுங்கள். ஒரு மதியத்தில் படம் வரைந்து தந்துவிடுவோம்.

இப்படிக்கு,
கொள்முதல் மேசையிலிருந்து ஒருவன்