2023ஆம் ஆண்டிற்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

சாக்கடை தூர்வாருதல், தெருவிளக்கு, குடிநீர் தொடர்பாக மாநகராட்சியிடம் அளித்த மனுக்களின் நிலை தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திருப்பூரை உலுக்கிய காணொளிகளைப் பற்றியே இங்கு விரிவாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். அந்தச் சில வாரங்களில் நமது நகரில் உண்டான மனக்கசப்பு இன்னும் முழுமையாக ஆறவில்லை.

வடமாநிலத் தொழிலாளர்கள் கும்பலாகச் சேர்ந்து தமிழ்த் தொழிலாளர்களை விரட்டி அடிப்பதாகக் கூறும் காணொளி ஒன்று ஜனவரி கடைசி வாரத்தில் பரவியது. அந்தச் சம்பவம் நடந்தது ஜனவரி 14 அன்று. தேநீர்க் கடையில் சிகரெட் புகையை ஊதியது தொடர்பாக எழுந்த வாய்த்தகராறே அதன் தொடக்கம் என்று மாநகரக் காவல்துறை விளக்கியது. ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து, தகராறின் காரணம் தெரியாமல் விரட்டுவதை மட்டும் பார்த்தவர்களுக்கு அது இரண்டு இனங்களின் மோதலாகத் தெரிந்தது. தொலைக்காட்சி விவாதங்களும் அந்தக் கோணத்திலேயே நடந்தன. நமது நகரிலேயே வடமாநிலத் தொழிலாளர்கள் குடியிருக்கும், வரிசையாகக் கட்டப்பட்ட வாடகை வீடுகளான லைன் வீடுகளைக் காலி செய்யச் சொல்லலாமா என்று வீட்டுக்காரர்கள் சிலர் சங்கத்தில் வந்து கேட்டார்கள். ஆண்டுக்கணக்கில் வாடகையைத் தவறாமல் கொடுத்துவரும் குடும்பங்களைப் பற்றி அப்படிக் கேட்கும் நிலை வந்தது எனக்கு மிகுந்த வேதனையளித்தது.

பிப்ரவரியில் ஓடும் ரயிலில் வடமாநிலத்தவரை ஒருவர் வசைபாடி அடிக்கும் காணொளி வந்தது. அது உண்மையாகவே நடந்தது. அடித்தவரை ரயில்வே காவல்துறை கைது செய்தது. ஆனால் உண்மையான அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் அடுத்து வந்த பொய்களையும் பலர் நம்பினார்கள் என்பது என் கணிப்பு.

மார்ச் தொடக்கத்தில் பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் கொல்லப்படுவதாக இந்திப் பதிவுகள் பரவின. இந்தி நாளிதழ் ஒன்றும் அவ்வாறே எழுத, பீகார் சட்டமன்றத்தில் அமளி ஏற்பட்டது. பரப்பப்பட்ட காணொளிகளில் ஒன்று தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டது என்றும், மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கிடையே நடந்தது என்றும் அப்போதைய தமிழ்நாடு காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு விளக்கமளித்தார். காயம்பட்டவர்களைப் போல் சிலரை நடிக்க வைத்துப் பாட்னாவிலேயே ஒரு காணொளி எடுக்கப்பட்டதைப் பின்னர் பீகார் காவல்துறையே கண்டறிந்தது. மார்ச் 8 ஹோலிக்காக ஊருக்குப் புறப்பட்டவர்களின் கூட்டம்கூட உயிர் பிழைக்க ஓடுபவர்களின் கூட்டமாகக் காட்டப்பட்டது.

அந்த வாரத்தில் நமது லைன் வீடுகளில் கைபேசி ஓயாமல் ஒலித்தது. பவர் டேபிள் எனப்படும் தையற்கூடத்தில் ஓவர்லாக் இயந்திரத்தில் தைக்கும் இளைஞர் ஒருவர், அழுதுகொண்டிருந்த தாயாருக்கு வீடியோ அழைப்பில் நமது தெருவைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். மளிகைக் கடைக்கார அம்மா கைபேசியை வாங்கி, "உங்க பையன் நல்லா இருக்கானுங்க, பயப்படாதீங்க" என்று தமிழிலேயே சொன்னார். அந்தத் தாயாருக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் அவர் அழுகையை நிறுத்தினார். அந்த இளைஞர் இன்றும் இங்கேயே வேலை செய்கிறார். வேறு சிலர் ஹோலிக்குப் போனவர்கள் திரும்பவில்லை.

ஐ.ஏ.எஸ். அதிகாரி பாலமுருகன் தலைமையில் பீகார் அரசு அனுப்பிய நால்வர் குழு திருப்பூருக்கும் வந்து தொழிலாளர்களைச் சந்தித்தது. வந்த செய்திகள் பொய் என்பது அதன்பின் தெளிவாயிற்று. உண்மையை வெளிக்கொணர்ந்த உண்மை சரிபார்ப்பு இணையதளமான ஆல்ட் நியூஸின் இணை நிறுவனர் முகமது சுபைருக்கு 2024 குடியரசு நாளன்று தமிழ்நாடு அரசு கோட்டை அமீர் மத நல்லிணக்க விருது வழங்கியதை இச்சங்கம் மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறது. எனினும் பொய்யைக் கேட்ட அளவிற்கு மறுப்பைக் கேட்டவர்கள் நமது நகரில் இல்லை. ஜனவரிக் காணொளியை அனுப்பிய உறுப்பினர்களில் எத்தனை பேர் காவல்துறை விளக்கத்தையும் அனுப்பினார்கள் என்று ஒவ்வொருவரும் தம் கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். தமிழில் எழுந்த கோபமும் இந்தியில் எழுந்த அச்சமும் ஒன்றையொன்று வளர்த்தன என்பதை நாம் மறைக்கக் கூடாது.

மார்ச் மாதத்தில் செயற்குழு லைன் வீடுகளுக்கு நேரில் சென்று பேசியது. காவல்துறையின் உதவி எண்களைத் தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒவ்வொரு வளாகத்திலும் ஒட்டினோம். மோதல் தொடர்பான எந்தக் காணொளியையும், நடந்த இடமும் நாளும் உறுதியாகும் வரை, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் பகிரக் கூடாது என்ற விதியும் அப்போது முதல் நடைமுறையில் உள்ளது.

இவ்வளவு காலம் இங்கு வசித்தும் வாடகைக்கு இருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் ஒருவரும் நமது சங்கத்தில் இல்லை. எனவே அவர்களைச் சந்தா உறுப்பினர்களாகச் சேர்க்கவும், அவர்களில் ஒருவருக்குச் செயற்குழுவில் இடமளிக்கவும் விதிகளைத் திருத்தும் தீர்மானத்தை இவ்வறிக்கையுடன் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்