முதியோருக்கு உண்ண வேண்டியதையும் எழுதிக் கொடுங்கள்

மலையக மாவட்டங்களின் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கும் தோட்ட வைத்திய உத்தியோகத்தர்களுக்கும்,

பெருமதிப்பிற்குரியீர்,

நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற என் தாயாரை மாதந்தோறும் நீரிழிவு கிளினிக்குக்கு அழைத்துச் செல்பவள் நான். சீனி, சோறு, உப்பு ஆகியவற்றைக் குறைக்குமாறு அங்கு சொல்லப்பட்டதை அவர் அப்படியே கடைப்பிடித்தார். இரத்தத்தில் சீனி இறங்கியது. கூடவே அவருடைய நிறையும் இறங்கியது. முதலாவதற்கு மகிழ்ந்த நாங்கள் இரண்டாவதைக் கவனிக்கவில்லை. எங்கள் தோட்டக் குடியிருப்பான லயத்துப் படிகளில் கைத்தாங்கல் இல்லாமல் ஏற முடியாமற் போனபோதுதான் தசையும் கரைந்திருப்பது விளங்கியது.

வயது கூடக்கூட, உண்ணும் புரதத்தைத் தசையாக்கும் ஆற்றல் உடலுக்குக் குறைவதால், முதியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ நிறைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது ஊட்டச்சத்து வல்லுநர்களின் பரிந்துரை. (சிறுநீரக நோயாளருக்குக் கணக்கு வேறு.) 45 கிலோ நிறையுள்ள என் தாயாருக்கு 45 கிராமேனும் தேவை. காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும், பகலில் ஒரு பிடி சோறும் தண்ணீராய்ப் பருப்பும், இரவில் மீண்டும் ரொட்டி என்றிருக்கும் எங்கள் அடுப்பில் அது தேறுவதில்லை. ஒரு முட்டையில் 6 கிராம் கிடைக்கும். 50 கிராம் பருப்பைக் கெட்டியாக ஆக்கினால் ஏறத்தாழ 12 கிராம் கிடைக்கும். கடலையும் கௌபியும் நல்லவைதாம், ஆனால் பல் இல்லாதவர் எப்படி மெல்லுவார்? குழைய அவித்து மசித்துக் கொடுக்கச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தாம். சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணீர் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பதையும், தேயிலையாலேயே வாழ்ந்த எங்களிடம், தயங்காமல் சொல்லுங்கள். ஒரு மணிநேரம் கழித்துக் குடிக்கிறோம். நீரிழிவுக்கான மெட்ஃபோர்மின் மாத்திரையை நெடுங்காலம் எடுப்பவருக்கு விற்றமின் பி12 குறையக்கூடும். முட்டை, மீன், பால் அரிதாகவே கிடைக்கும் வீடுகளில் அது இன்னும் கவனிக்கத்தக்கது.

ஆகவே, தவிர்க்க வேண்டியவற்றின் பக்கத்தில் உண்ண வேண்டியவற்றையும், கூட்டுறவுக் கடையில் வாங்கக்கூடிய பொருட்களின் பெயர்களால், தமிழில் எழுதித் தாருங்கள். சீனி அளவோடு நிறையையும் கிளினிக் கொப்பியில் குறியுங்கள். ஆறு மாதத்தில் நூற்றுக்கு 5 பங்கு குறைந்திருந்தால் காரணத்தை விசாரியுங்கள். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. திரிபோஷா சத்துமா பெறவரும் தாய்மாரை நிறுக்கும் தராசு அதே கட்டிடத்தில்தான் இருக்கிறது. முதியோர் கிளினிக் நாளிலும் அதை வெளியே எடுத்து வைத்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகள்,
பொகவந்தலாவை