பின் சீட் யுஎஸ்பி போர்ட் ஒயரிங் கோளாறு: புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
அல்சூர், பெங்களூரு.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: பெங்களூரு ஜே.சி. ரோடு கிளையில் காருக்குப் பொருத்திய கூடுதல் சார்ஜிங் போர்ட்டின் ஒயரிங்கை முழுதாக மாற்றித் தரக் கோரி.

ஐயா / அம்மா,

வணக்கம். என் பெட்ரோல் ஹேட்ச்பேக் காரின் சென்டர் கன்சோலுக்குப் பின்புறம், பின் சீட்டில் உட்காருபவர்களுக்காக உங்கள் ஜே.சி. ரோடு கிளையில் இரட்டை யுஎஸ்பி போர்ட் பொருத்தினார்கள். ஒரு டைப் சி (30 வாட் பிடி, அதாவது பவர் டெலிவரி வேக சார்ஜ்), ஒரு டைப் ஏ (18 வாட்). பில்லில் எழுதியிருப்பவை மூன்று: 1.5 சதுர மி.மீ. ஒயர், தனி ஃபியூஸ், இக்னிஷனை அணைத்தால் போர்ட்டும் அணையும். காருக்குள் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

போர்ட்டைப் பற்றி எனக்குக் குறையில்லை, அது நல்ல சரக்குதான். அதற்குக் கரண்ட் கொண்டுபோன விதம்தான் ஆபத்தாக இருக்கிறது.

முதலில் ஃபியூஸ். டிரைவர் பக்க ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால், சென்ட்ரல் லாக்குக்குப் போகும் ஒயரில் ஒரு நீல ஸ்காட்ச்லாக் கிளிப்பை (ஒயரை வெட்டாமல் உள்தகட்டால் கடித்து இன்னொரு ஒயரை இணைப்பது) கவ்வவிட்டு, அதிலிருந்து 0.5 சதுர மி.மீ. ஒயரைப் பின்னால் இழுத்திருக்கிறார்கள். அளவு ஒயரின் மேலேயே அச்சாகியிருக்கிறது (படம் 2). அந்தச் சர்க்யூட்டின் ஃபியூஸ் 15 ஆம்பியர். கிளையில் போனில் கேட்டதற்கு, "அதான் கார்ல ஏற்கெனவே ஃபியூஸ் இருக்கே சார், இன்னொண்ணு எதுக்கு?" என்று பதில் வந்தது. இருக்கிறது, அது சென்ட்ரல் லாக்கின் தடித்த ஒயரைக் கணக்கில் வைத்துக் கார் கம்பெனி போட்டது. ஃபியூஸ் இருப்பதே ஒயரைக் காப்பாற்றத்தான். பிளேடு ஃபியூஸ் தன் அளவைத் தாண்டிய கணமே போய்விடாது. 35 சதவீதம் கூடுதலாக ஓடினால், அதாவது 15 ஆம்பியர் ஃபியூசில் 20 ஆம்பியர் ஓடினால், அது 10 நிமிஷம் வரைகூடத் தாக்குப்பிடிக்கலாம்; அதன் தர அளவே அப்படித்தான். அவ்வளவு நேரமும் கார்ப்பெட்டுக்கு அடியில் இந்த மெல்லிய ஒயர் சூடேறிக்கொண்டிருக்கும். முழு ஷார்ட் என்றால் ஃபியூஸ் உடனே போய்விடும், அதில் பயமில்லை. தோல் உரிந்த ஒயர் பாடியில் பட்டும் படாமலும் கிடப்பதுதான் தீக்கு வழி. அப்படியே ஃபியூஸ் போனாலும் கூடவே போவது கதவு லாக்.

கிளிப்பும் தப்பு. 0.5 ஒயருக்குரியது சிவப்பு ஸ்காட்ச்லாக். நீலம் அதைவிடத் தடித்த ஒயருக்கு. பெரிய கிளிப்பில் சின்ன ஒயரை வைத்தால் உள்ளே இருக்கும் தகடு சரியாகக் கடிக்காது, ஜாயின்ட் லூசாகவே நிற்கும். படம் 3-இல் கிளிப்பின் ஓரம் பழுப்பேறியிருப்பதைப் பாருங்கள். மறுபக்கம் அதே தகடு கம்பெனி ஒயரின் இழைகளில் சிலவற்றை வெட்டியும்விட்டது. சிவப்பே போட்டிருந்தாலும் காருக்குள் நான் ஸ்காட்ச்லாக்கை ஏற்க மாட்டேன், அது வேறு விஷயம்.

இதன் பலன் மீட்டரில் தெரிகிறது. இரண்டு போர்ட்டும் முழு வேகத்தில் சார்ஜ் செய்தால் 48 வாட். கார் வோல்ட்டை யுஎஸ்பிக்கு ஏற்ப மாற்றும், போர்ட்டுக்குள் இருக்கும் கன்வர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் சுமார் 55 வாட், அதாவது 4 முதல் 5 ஆம்பியர். எஞ்சின் ஓடும்போது ஃபியூஸ் பெட்டியில் 13.9 வோல்ட், போர்ட்டின் பின்புறம் 12.3. நடுவில் 1.6 வோல்ட் காணவில்லை. மூன்றரை மீட்டர் 0.5 ஒயர், போக வர இரண்டையும் சேர்த்தால் 0.24 ஓம், அது மட்டுமே ஒரு வோல்ட்டுக்கு மேல் தின்றுவிடும். மிச்சத்தை அந்தக் கிளிப்பும் எர்த்தும் (கரண்ட் கார் பாடி வழியாகத் திரும்பும் இணைப்பு) தின்கின்றன. சில்க் போர்டு சிக்னலில் எஞ்சினை அணைத்தால் பேட்டரி 12.2-க்கு இறங்குகிறது, போர்ட்டுக்கு வருவது 10.6. போர்ட்டின் மேலேயே "12–24 வோல்ட்" என்று போட்டிருக்கிறது. அதனால்தான் வேக சார்ஜ் விட்டு விட்டு வருகிறது. "கேபிள மாத்திப் பாருங்க சார்" என்பது இதற்குப் பதிலாகாது. இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. இந்தக் கன்வர்ட்டர் அதே வாட்டைக் கொடுக்கப் பார்க்கும். வோல்ட் குறைந்தால் அதிக ஆம்பியர் இழுக்கும், ஒயரில் இன்னும் வோல்ட் விழும்.

அடுத்தது, சென்ட்ரல் லாக் சர்க்யூட்டில் எப்போதும் கரண்ட் உண்டு. காரைப் பூட்டிய பிறகும் போர்ட்டின் நீல வோல்ட் மீட்டர் எரிந்துகொண்டே இருக்கிறது. போர்ட் மட்டும் இழுப்பது 22 மில்லி ஆம்பியர், நாளுக்கு அரை ஆம்பியர்-ஹவருக்குக் கொஞ்சம் அதிகம். இந்தக் காரின் பேட்டரி 35 ஆம்பியர்-ஹவர். வண்டியை ஒரு மாதம் நிறுத்திவிட்டு ஊருக்குப் போனால் இது ஒன்றே கிட்டத்தட்டப் பாதியை உறிஞ்சிவிடும். காரின் சொந்தச் செலவு தனி.

ஒயர் போன பாதை எல்லாவற்றையும்விடக் கவலை தருகிறது. கதவோரப் படிக்கட்டு பிளாஸ்டிக்குக்கு அடியில் போயிருக்க வேண்டிய ஒயர், டிரைவர் சீட்டுக்கு அடியில் குறுக்கே போகிறது. சீட்டை முன்னும் பின்னும் தள்ளும்போது ரெயில் அதன் மேல் ஏறுகிறது. இன்சுலேஷன் ஒரு பக்கம் ஏற்கெனவே நசுங்கிவிட்டது. போதாததற்கு, அதை மஞ்சள் உறை போட்ட ஒயர்க் கட்டோடு சேர்த்து ஜிப் டை போட்டு இறுக்கியிருக்கிறார்கள். மஞ்சள் என்றால் ஏர்பேக், சீட் பெல்ட் சர்க்யூட். அதில் எதையும் கட்டக் கூடாது, கனெக்டரை அசைக்கவும் கூடாது என்பது கார் எலக்ட்ரிக் வேலையில் முதல் நாள் சொல்லித்தருவது.

எர்த், பெயின்ட் சுரண்டாத பிராக்கெட்டில் ஒரு தகர ஸ்குரூ. போர்ட்டில் ஃபோனைச் செருகினால் ரேடியோவில் 101.3 எஃப்எம் ரெயின்போவில் இரைச்சல் கேட்கிறது. எர்த்தைச் சரிசெய்தும் நிற்காவிட்டால் போர்ட்டின் ஒயரில் இரைச்சலை அடக்கும் ஒரு ஃபெரைட் கிளிப் மாட்டுங்கள்.

நான் கேட்பது இது. சென்ட்ரல் லாக் ஒயரில் கிளிப் கடித்த இடத்தை வெட்டி, க்ரிம்ப் செய்து (உலோகக் குழாயில் வைத்து நசுக்கி இணைத்து), பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போட்டு மூட வேண்டும். சாதாரண இன்சுலேஷன் டேப் வேண்டாம். வெயிலில் நிற்கும் காரில் அதன் பசை உருகி வழுக்கிவிடும். இக்னிஷனோடு வரும் சர்க்யூட்டில் ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் இருந்த இடத்தில் செருகி, தனி ஃபியூசோடு ஒரு கிளை எடுக்கும் அடாப்டர்) வைத்து, போர்ட்டுக்கென்று 7.5 ஆம்பியர் ஃபியூஸ் போட வேண்டும். 10 தேவையில்லை. பழைய ஃபியூசைக் கழற்றி, எந்தக் காலில் கரண்ட் வருகிறது என்று டெஸ்ட் லாம்ப்பில் பார்த்த பிறகுதான் அந்த அடாப்டரைச் செருக வேண்டும். திருப்பி வைத்தால் போர்ட்டின் சுமை பழைய ஃபியூஸ் வழியாகவும் ஓடும். ஒயர் பில்லில் உள்ளபடி 1.5 சதுர மி.மீ., வாகனங்களுக்கான பல இழை ஒயர், கதவோரமாகத் துணி டேப் சுற்றிப் போக வேண்டும். எர்த்துக்கு ரிங் லக் (ஒயர் முனையில் போடும் வளையம்), பாடியில் இருக்கும் கம்பெனி எர்த் போல்ட்டில். முடிந்ததும் இரண்டு போர்ட்டிலும் சுமை கொடுத்து வோல்ட்டையும், காரைப் பூட்டி மில்லி ஆம்பியரையும் என் முன்னால் அளந்து, பில்லில் எழுதித் தர வேண்டும். இதற்குக் கூடுதல் கட்டணம் தர மாட்டேன்.

இது முடியாதென்றால் முழுத் தொகையையும், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஒயரிங்கைப் பழையபடி ஆக்க ஆகும் செலவையும் தாருங்கள். வெட்டிய ஒயரைக் காட்டிக் கார் கம்பெனி வாரன்ட்டியை மறுத்தால், அந்த வேலை உங்களுடையது என்று எழுத்தில் ஒரு கடிதமும் வேண்டும்.

15 நாளுக்குள் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன். அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்தில் மனுச் செய்வேன். புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே மனுச் செய்ய அந்தச் சட்டம் இடம் தருவதால், உங்கள் தலைமை அலுவலகம் சென்னையில் இருப்பது எனக்குத் தடையாகாது.

அதுவரை போர்ட்டின் ஒயரைக் கிளிப்பருகே துண்டித்து, முனையை மூடி வைத்திருக்கிறேன். வேலை நடக்கும்போது கழற்றும் பழைய ஒயரையும் கிளிப்பையும் குப்பையில் போட்டுவிடாமல் என்னிடமே தரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், படங்கள் 1 முதல் 6 வரை, மீட்டர் அளவுகள் ஒரு தாள்.