ஆண்டறிக்கை 2024–25: குடியிருப்போர் நலச்சங்கம்

பொதுக்குழுவுக்கு நேரில் வந்துள்ள உறுப்பினர்களுக்கும், வாட்ஸ்அப்பில் மட்டும் கேள்வி கேட்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு ஆறு முறை கூட்டப்பட்டது. இரண்டு முறை கோரம் இல்லை. கொடியேற்றம், பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தன. மழைக்கு முன் வடிகால் தூர்வாரப்பட்டது.

இனி மொட்டைமாடி சோலார். லிஃப்ட், மோட்டார், நடைவழி விளக்கு ஆகியவற்றுக்காக 550 வாட் பேனல்கள் 18, ஒன்பது ஒன்பதாக இரண்டு வரிசை, மொத்தம் 9.9 கிலோவாட் அமைத்தோம். "தனி வீட்டுக்கு 78,000 மானியமாமே, நமக்கு ஏன் இல்லை?" என்று கேட்கிறார்கள். மத்திய அரசின் சூரிய வீடு (பி.எம். சூர்ய கர்) திட்டத்தில் அது தனி வீட்டுக்கான உச்சவரம்பு. சங்கத்தின் பொது இணைப்புக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய்தான். அதுவும் நெட் மீட்டர், அதாவது வாங்கும் மின்சாரத்தையும் வெளியே கொடுக்கும் மின்சாரத்தையும் அளக்கும் மீட்டர், மாட்டிய பிறகுதான் கணக்கில் ஏறும். முழுத்தொகையை முதலில் நாம்தான் கட்டவேண்டும். குறைந்த விலைப்புள்ளியைச் செயலாளர் ஏன் தள்ளினார் என்றும் பேச்சு. அந்த பேனலின் செல்கள் வெளிநாட்டவை. உள்நாட்டு செல் கொண்ட 'டி.சி.ஆர்.' பேனலுக்கு மட்டுமே மானியம். வெளிநாட்டு செல் என்பதால்தான் அதன் விலை குறைவு.

முதல் மாதம் நண்பகலில், பேனல் மின்சாரத்தை ஏ.சி.யாக மாற்றி லைனில் சேர்க்கும் இன்வெர்ட்டர் அடிக்கடி நின்றது. திரையில் 'கிரிட் ஓவர் வோல்டேஜ்', அதாவது லைனில் வோல்டேஜ் அதிகம். மாடியிலிருந்து மீட்டர் அறை வரை 4 சதுர மி.மீ. கேபிள் இழுத்திருந்தார்கள். அந்த நீளத்தில் கேபிளிலேயே ஏறத்தாழ மூன்று வோல்ட் கூடுகிறது. வெளியே லைன் 250 வோல்ட்டைத் தொட்டிருக்கும் நேரத்தில் அந்த மூன்றும் சேர, உச்சவரம்பான 253ஐத் தாண்டி இன்வெர்ட்டர் தானாக விலகிவிடும். 10 சதுர மி.மீ. கேபிளாக மாற்றியதும் சரியானது. மாற்றியது ஒப்பந்ததாரர் செலவில். கூடுதல் பணம் எதுவும் தரவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். மாலையில் தண்ணீர்த் தொட்டி நிழல் விழுந்த இரண்டு பேனல்களையும் கிழக்கே நகர்த்தியாயிற்று.

கரண்ட் போனால் சோலாரும் நிற்கும். இது கோளாறு அல்ல. கம்பத்தில் லைன்மேன் வேலை செய்யும்போது நம் மாடியிலிருந்து மின்சாரம் பாயக்கூடாது என்பதற்கான அமைப்பு. பேட்டரி வைக்காதவரை இப்படித்தான்.

அடுத்தது, கார்பன் கிரெடிட் (கரியமிலவாயுவைக் குறைத்ததற்கான, விற்கக்கூடிய சான்று) வாங்கித் தருவதாக ஓர் உறுப்பினர் அழைத்து வந்த முகவர் விவகாரம். பதிவுக் கட்டணம் முன்பணமாம். நான் கையெழுத்திட மறுத்ததால் சங்கத்துக்கு நஷ்டம் என்று பேசப்படுகிறது. கணக்கைப் பாருங்கள். நாளுக்குச் சுமார் 40 யூனிட், ஆண்டுக்குப் பதினான்காயிரம் சொச்சம். நம் மின்தொகுப்பில் (கிரிட்) ஒரு யூனிட் தயாரிக்க ஏறக்குறைய 0.7 கிலோ கரியமிலவாயு வெளியாகிறது; சோலாரால் அது மிச்சம். ஆக, ஆண்டுக்குப் பத்து டன். ஒரு டன்னுக்கு ஒரு கிரெடிட். பத்து கிரெடிட் விற்ற பணம் தணிக்கையாளர் வந்துபோகும் செலவுக்கே காணாது. தவிர, கிரெடிட்டைச் சரிபார்த்துப் பதிவு செய்யும் வெர்ரா, கோல்டு ஸ்டாண்டர்டு ஆகிய பதிவகங்கள் இந்தியா போன்ற நாடுகளின் மின்தொகுப்புச் சோலார் திட்டங்களைப் புதிதாகச் சேர்ப்பதை 2020 வாக்கிலேயே நிறுத்திவிட்டன. கிரெடிட் காசு இல்லாமலே இவை எப்படியும் கட்டப்படும் என்பதுதான் காரணம். ஒருவேளை விற்றாலும், பசுமைக் குடியிருப்பு என்று வாசலில் பலகை மாட்டும் உரிமை வாங்கியவருக்குப் போய்விடும்.

விமானப் பயணத்தின் கரியமிலவாயுவை ஈடுகட்ட இதே கிரெடிட்டை 'ஆஃப்செட்' என்று வாங்குவோர் அதன் வரிசை எண்ணைக் கேட்டு வாங்கி, அது உங்கள் பெயரில் ரத்தாகியிருக்கிறதா (பயன்படுத்தியாயிற்று என்று குறிக்கப்பட்டிருக்கிறதா) என்று பதிவகத்தின் இணையதளத்தில் பாருங்கள். ரத்தாகாத கிரெடிட்டை நாளைக்கே வேறொருவருக்கு விற்கலாம். புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்குத் தரும் ஆர்.இ.சி. சான்றிதழ் வேறு; அது 1000 யூனிட் கணக்கு, டன் கணக்கு அல்ல.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சோலார் செலவு போக வைப்புநிதி சற்று இளைத்திருக்கிறது. கவலைப்படும் அளவில் இல்லை. பதினொரு வீடுகள் பராமரிப்புச் சந்தா பாக்கி. அந்த வீட்டாரும் அதே லிஃப்டில்தான் ஏறுகிறார்கள்.

தலைவர், பொருளாளர், காவலர்கள், துப்புரவுப் பணியாளர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் நான் இப்பொறுப்பில் தொடர்வதைப் பொதுக்குழுவே முடிவு செய்யட்டும். யார் வந்தாலும் பேனல்களை மாதம் இருமுறை கழுவவேண்டும். வெயில் ஏறுமுன், காலை ஏழு மணிக்குள். சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீர் படக்கூடாது. போர்வெல் தண்ணீர் வேண்டாம், உப்பு படிந்துவிடும். இதுவரை நானும் காவலரும்தான் கழுவினோம். ரப்பர் துடைப்பான் இரண்டு இருக்கின்றன. மாடிச் சாவி காவலர் அறையில், இரண்டாவது ஆணியில்.

இப்படிக்கு,
செயலாளர்