வாங்காத சம்பளத்துக்கு வரிப் பிடித்தம்: உங்கள் சம்பள மென்பொருள் குறித்துப் புகார்

அனுப்புநர்: கணக்குப் பிரிவு, ஜார்ஜ்டவுன், பினாங்கு
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மா,

ஆண்டுச் சந்தா கட்டி உங்கள் மென்பொருளில் சம்பளம் போடும் சிறு நிறுவனம் எங்களுடையது. விற்க வந்தவர் தமிழில்தான் இனிக்க இனிக்கப் பேசினார். புகாரும் தமிழிலேயே இருக்கட்டும்.

எங்கள் ஊழியர் ஒருவருக்கு மாதச் சம்பளம் 6,200 ரிங்கிட். தாயாரின் அறுவைச் சிகிச்சைக்காக ஜூனில் தொடர்ந்து 12 நாள் சம்பளமில்லா விடுப்பில் இருந்தார். வேலைவாய்ப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவுப்படி 30 நாளால் வகுத்து 18 நாளுக்குப் போட்டால் 3,720 ரிங்கிட். இந்தக் கணக்கை மென்பொருள் சரியாகவே போடுகிறது. ஆனால் குறைக்க வேண்டிய 2,480 ரிங்கிட்டை மொத்தச் சம்பளத்தில் குறைக்காமல், சம்பளச் சீட்டின் அடியில் கூட்டுறவுக் கடன் தவணைக்குக் கீழே கொண்டுபோய்ப் போடுகிறது. மேலே 6,200 அப்படியே நிற்கிறது.

விளைவு: 410 ரிங்கிட் பிடிக்க வேண்டிய இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) 682 ஆனது. எங்கள் பங்கும் 484க்குப் பதில் 744. பிசிபி, அதாவது மாதாந்திர வருமான வரிப் பிடித்தம், வழக்கம்போல் 229.50. கணினி முறைப் பிசிபியில் அந்த மாத வருமானமே மீதி மாதங்களுக்கும் என்று வைத்து ஆண்டு வரியைக் கணித்து, ஏற்கெனவே பிடித்ததைக் கழிப்பார்கள். மணமாகாத, வேறு கழிவு எதுவும் கோராத அவருக்கு அப்படிப் பார்த்தால் ஜூனில் பிசிபியே வராது. ஜூலையில் முழுச் சம்பளம் வந்ததும் 222.30 ஆகும். ஆஸ்பத்திரிச் செலவு கழுத்தை நெரிக்கும் மாதத்தில் அவர் கைக்கு 500 ரிங்கிட்டுக்கு மேல் குறைந்து போனது.

உங்கள் உதவி மையம் சொன்ன பதில்தான் இன்னும் மோசம். "கூடுதலாகப் பிடித்தது வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது திரும்பிவிடும்" என்றார்கள். எப்படித் திரும்பும்? உங்கள் மென்பொருள் தயாரிக்கும் இஏ பாரத்தில் (முதலாளி தரும் ஆண்டுச் சம்பள அறிக்கை) ஆண்டு வருமானம் 71,920க்குப் பதில் 74,400 என்று ஏறும். அவர் அதைப் பார்த்துத்தான் தாக்கல் செய்வார். 11 விழுக்காட்டு வரிப் படியில் 272.80 ரிங்கிட் வரி, வாங்காத பணத்துக்கு. வருமான வரி வாரியமான எல்எச்டிஎன் எதைத் திருப்பித் தரும்?

சம்பளமில்லா விடுப்பை மொத்தச் சம்பளத்திலேயே குறையும்படி மாற்றுங்கள். ஜூன் கணக்கையும் ஆண்டுத் தொகையையும் நீங்களே திருத்தி, கூடுதலாகக் கட்டிய பிசிபி, இபிஎஃப், சொக்சோ (சமூகப் பாதுகாப்புச் சந்தா) ஒவ்வொன்றும் எவ்வளவு என்று எழுத்து மூலம் தாருங்கள். அதைக் காட்டித்தான் நாங்கள் அந்தந்த அலுவலகத்தில் கேட்க முடியும். இதே மென்பொருளை வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் தெரிவியுங்கள். பல கடைகளில் அடியில் உள்ள நிகரத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுச் சீட்டை மடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

ஜூலைச் சம்பளம் போடுவதற்குள் இது சரியாகாவிட்டால் மீதிச் சந்தாவைத் திருப்பித் தந்துவிடுங்கள். சம்பளச் சீட்டின் நகலை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவுப் பொறுப்பாளர்