ஒரு மீற்றர் இடம் விடுங்கள்

திருகோணமலை – நிலாவெளி வீதியில் பஸ், வான், டிப்பர், ஓட்டோ ஓட்டும் அண்ணைமாருக்கும் தம்பிமாருக்கும்,

வணக்கம். சாம்பல்தீவிலிருந்து தினமும் டவுனுக்குச் சைக்கிளில் வேலைக்குப் போகிறவள் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு காலை, உப்புவெளி யுத்த மயானத்துக்குக் கிட்ட, பின்னால் ஒரு வான் விடாமல் ஹோர்ன் அடித்தபடி வந்தது. எதிரே பஸ். நான் கரைக்கு ஒதுங்கினேன். அப்படியும் வானின் பக்கக் கண்ணாடி என் வலது முழங்கையில் தட்ட, முன்சில்லு தாரை விட்டு இறங்கி மணலில் புதைந்தது. விழுந்துவிட்டேன். சாப்பாட்டுப் பெட்டி திறந்து இடியப்பமெல்லாம் மண்ணில். வான் வேகம் குறைந்தது. நிறுத்தப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் யன்னலால் தலையை நீட்டி, "கரையால போகத் தெரியாதா?" என்று கத்திவிட்டுப் போனார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்த மடல்.

கரையால்தான் போகிறோம். ஆனால் அந்தக் கரையை நீங்கள் ஆசனத்தில் இருந்து பார்க்கிறீர்கள், நாங்கள் அதன் மேல் ஓடுகிறோம். தார் முடியும் இடத்தில் சில இடங்களில் நாலு விரல் பள்ளம். காற்று அள்ளிவந்த கடல் மணல் தாரின் ஓரத்தில் மெல்லிசாகப் படிந்து கிடக்கும். உங்கள் சில்லுக்கு அது தெரியவே தெரியாது. எங்கள் சில்லு அதில் வழுக்கும்.

அப்புறம் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று. அது வீசும் மாதங்களில் டவுனை நோக்கி வரும்போது வலப்பக்கமாக அடிக்கும். விழாமலிருக்க உடம்பைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்தபடிதான் மிதிப்போம். அந்த நேரம் ஒரு பஸ் உரசிக்கொண்டு முந்தினால், அது காற்றைச் சட்டென்று மறைத்துவிடும். சாய்ந்திருந்த உடம்பு அப்படியே பஸ் பக்கம் போகும். பஸ் தாண்டியதும் காற்று திரும்ப அடித்து எங்களை மணலுக்குள் தள்ளும். நாங்கள் வேண்டுமென்று நடுவீதிக்கு வருவதில்லை, அண்ணை.

அவுஸ்திரேலியாவில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள்: 60 கிலோமீற்றர் வேகம் வரையுள்ள வீதிகளில் சைக்கிளுக்கு ஒரு மீற்றர், அதற்கு மேல் ஒன்றரை மீற்றர் இடம் விட்டுத்தான் முந்த வேண்டும். ஒரு மீற்றர் என்றால் கையை நீட்டினாலும் எங்களில் படாத தூரம். எதிரே வாகனம் வந்தால் அது போகும்வரை எங்களுக்குப் பின்னால் வாருங்கள். பத்து செக்கன் மெதுவாக வந்தால் நீங்கள் இழப்பது அந்தப் பத்து செக்கன்கூட இல்லை.

ஹோர்ன் அடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தூரத்தில் ஒருமுறை அடியுங்கள், அது உதவி. முதுகுக்குப் பின்னால் வந்து அடித்தால் கை பதறி ஹாண்டில் திரும்பும். கரியரில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு வரும் ஐயாமாருக்கு அந்தப் பாரத்தோடு சட்டென்று ஒதுங்கவே முடியாது. வெள்ளைச் சட்டையில் ரியூசனுக்குப் போகும் பிள்ளைகள் பயத்தில் எந்தப் பக்கம் திருப்புவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

எங்களிலும் பிழை இருக்கிறது. இரவில் லைட் இல்லாமல் வருகிறவர்கள், இரண்டு பேராகச் சேர்ந்து கதைத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அவர்களிடமும் சொல்கிறேன்.

2022 இல் பெற்றோல் வரிசையில் நாட்கணக்கில் நின்றோமே, சீனக்குடாவில் அத்தனை எண்ணெய்க் குதங்கள் உள்ள ஊரிலே. அப்போது உங்களில் எத்தனை பேர் பழைய சைக்கிளைத் துடைத்துக் காற்றடித்து இதே வீதிக்கு வந்தீர்கள்! அந்த நாட்களில் வீதியில் எனக்குப் பயமே இருக்கவில்லை.

நாளைக் காலை ஆறரைக்கும் நான் அந்த வீதியில்தான் வருவேன். நீல நிற லுமாலா சைக்கிள், பின்னால் சிவப்பு லைட் எரியும். உங்கள் ஹோர்ன் தூரத்தில் கேட்டால் கையைக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
சாம்பல்தீவிலிருந்து உங்கள் சகோதரி